ஃபைபர் டோர் பேடும் ஆம்பூர் தோலும்

ராணிப்பேட்டை
ஞாயிறு காலை

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு வேலை கிடைத்த சேதியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "எவ்வளவு சம்பளமாம்?" என்றுதான் முதலில் கேட்டாள். மூட்டு வலி தவிர அவளுக்கு ஒரு குறையும் இல்லை. கத்திரி வெயில்தான் எங்களை வதக்கி எடுக்கிறது.

சரி, உன் மாருதி 800 விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பீக்கர் மாட்டுவதற்காக டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க மூடியை, ஃபைபரில் செய்யலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகச் செய். என் வண்டிக்கு முடித்துவிட்டேன். டாஷ்போர்டில் மட்டும் கை வைக்காதே. ஒயரிங் அத்தனையும் அதற்குள்தான் ஓடுகிறது. பிற்பாடு காற்றுப்பை உள்ள வண்டி வாங்கினால், அது விரியும் இடத்தை எதைக்கொண்டும் மூடக் கூடாது.

பழைய அட்டைப் பேடிலேயே ஓட்டை போட்டு ஸ்பீக்கர் மாட்டலாமே என்பாய். கண்ணாடியை இறக்கினால் ஸ்பீக்கரின் காந்தத்தில் இடிக்கும். ஸ்பீக்கரை நாம் உட்காரும் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி, நம்மைப் பார்த்துச் சாய்த்து வைக்கத்தான் ஃபைபர் தேவை. பிளைவுட்டில் வளையம் அறுத்து வேண்டிய சாய்வில் நிறுத்தி, மேலே பனியன் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஸ்டேப்ளர் பின் அடித்து, ரெசின் என்கிற பிசினைத் தடவ வேண்டும். துணி ஓடு மாதிரி இறுகியதும், பின்பக்கமாக, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை மேட்டை இரண்டு அடுக்கு ஒட்டினால் போதும். கண்ணாடி ஏற்றும் கைப்பிடி வருகிற இடத்தில் மட்டும் பேடு பழைய கனத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கைப்பிடி தண்டைப் பிடிக்காது.

நம் ஊர் வெயிலில் ரெசின் உனக்காகக் காத்திருக்காது. அதை இறுக வைக்கும் ஹார்டனர் கிலோவுக்கு 10 மில்லி தாராளம். டம்ளரில் கலக்காதே, குவியலாக இருந்தால் தானே சூடேறிச் சட்டென்று கட்டிவிடும். அகலமான தட்டில், விடியற்காலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கு. இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் திரவத்தைத் தனியாகக் கொடுத்தால் முதலில் அதை ரெசினில் நன்றாகக் கலந்துவிட்டு, அப்புறம் ஹார்டனர் ஊற்று. இரண்டும் நேருக்கு நேர் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொடாதே.

பட்டி வைத்துத் தேய்ப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும். 80-ம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 220 வரை போக வேண்டும். அந்தத் தூசி பட்டால் அரிப்பு உயிரை வாங்கும். முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு தேய், முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் கழுவு.

இங்கே டிங்கரிங் பட்டறையில் எல்லோரும் பெயின்ட் அடிக்கத்தான் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. தோலுக்குப் பேர்போன ஆம்பூரும் வாணியம்பாடியும் பக்கத்தில் இருக்க, பளபளவென்று பெயின்ட் எதற்கு? ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிற ஒருவரைப் பிடித்தேன். ஆட்டுத் தோலின் ஓரத்தைக் கத்தியால் காகிதம் போலச் சீவி, தோலின் பின்பக்கத்திலும் பேடிலும் பசை தடவிக் காயவிட்டு, வளையத்தின் நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனார். ரெக்சின் அந்த வளைவில் கட்டாயம் மடிப்பு விழுந்திருக்கும். தோல் இழுத்த இழுப்புக்கு வந்தது. என்ன கையடா அது! கிட்டே போய்ப் பார்த்தாலும் ஓரத்தில் மடிப்பு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

காலேஜில் நாம் வேடிக்கை பார்ப்போமே, சிபானி டால்ஃபின் கார், ஞாபகம் இருக்கிறதா? 1982-ல் பெங்களூரில் இருந்து வந்தது, உடம்பே ஃபைபர். அதை நீ எவ்வளவு கிண்டல் அடித்தாய்! இப்போது நீயே ஃபைபரில் இறங்குகிறாய்.

கத்திரி முடிந்ததும் வண்டியை ஓட்டிக்கொண்டு இங்கேயே வா. தோல் என்ன கலர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுது, எடுத்து வைக்கச் சொல்கிறேன். ஸ்பீக்கரை மட்டும் இப்போதே வாங்கிவிடாதே. கண்ணாடியை முழுசாக இறக்கி ஆழத்தை அளந்த பிறகு வாங்கலாம்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்