அழைப்பிதழில் 'பறையாட்டம்' என்றே அச்சிடுங்கள்

விழாக் குழுவினருக்கு வணக்கம்.

'பறை' என்று போட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள், 'கிராமியத் தாளம்' என்று மாற்றிக்கொள்ளலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். பறை என்பது தோற்கருவிகளுக்கெல்லாம் பொதுப்பெயர், நீங்கள் அடிப்பது வெறும் 'தப்பு' என்ற கருவி என்று உங்கள் ஆலோசகரும் ஒரு குறிப்பு அனுப்பியிருக்கிறார்.

பொதுப்பெயர்தான், மறுக்கவில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரியவையாகச் சொல்லும் கருப்பொருள் பட்டியலில் வரும் பறையும் ஒரே கருவி அல்ல, நிலத்துக்கு நிலம் வேறு. இன்று தஞ்சைப் பக்கம் தப்பு, கொங்கில் தப்பட்டை, மதுரைப் பக்கம் பறை. தப்பாட்டம் என்று சொல்லிக்கொள்ளும் குழுவுக்கு அப்படியே போடுங்கள். நாங்கள் பறையாட்டக் குழு. மிருதங்கம் என்றால் மண்ணால் ஆன அங்கம். பலா மரத்தில் கடைந்துவிட்டு ஏன் அந்தப் பெயர் என்று எந்த வித்துவானையும் ஆலோசகர் கேட்டதாகத் தெரியவில்லை.

பெயரோடு போனால் பரவாயில்லை. 'கிராமியத் தாளம்' என்று அச்சானால் எங்கள் இடம் மேடையல்ல, வாசல். சிறப்பு விருந்தினர் காரிலிருந்து இறங்கும்வரை அடிக்க வேண்டும். வாசலில் அடிப்பவர்களுக்குப் பறை காய்ச்ச எதற்கு இடம் என்று யாருக்கும் தோன்றாது.

காய்ச்சாத பறை பறையே அல்ல. மூன்று மரத்துண்டுகளை வட்டமாகச் சேர்த்து, இணைப்புகளில் இரும்புப் பட்டை அடித்து, மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய கருவி இது. முறுக்க ஆணியோ வாரோ கிடையாது, நெருப்புதான் சுருதிப்பெட்டி. ஈரக்காற்றில் தோல் தொய்ந்துவிடும். வைக்கோலோ காகிதமோ கொளுத்தி, அனல் மட்டும் படும்படி பறையைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, நடுவில் தட்டித் தட்டிப் பார்க்க வேண்டும். 'தொப்' என்பது 'கிண்'ணென்று மாறும்போது எடுத்துவிட வேண்டும். ஒரு நிமிடம் கூடினால் விளிம்பில் பசை விடும், இல்லை தோல் வெடிக்கும். மழைக்கால இரவில் அந்த விறைப்பு கால் மணி நேரம்கூட நிற்காது, மறுபடி காய்ச்ச வேண்டும். தொய்ந்த தோலில் வலக்கையின் தடித்த அடிக்குச்சியாவது ஏதோ கேட்கும். இடக்கையின் மெல்லிய சிண்டுக்குச்சியின் பொடி அடிகள் அடியோடு செத்துவிடும். பிறகு, "வெறும் இரைச்சல்" என்று விமர்சனம் வரும்.

பிளாஸ்டிக் தோல் போட்டால் நெருப்பே வேண்டாமே என்றும் சொன்னீர்கள். மழையில் நனையும் ஊர்வலத்துக்கு அது சரி. மேடைக்கு அதைச் சொல்வது, வீணைக்காரரிடம் கீபோர்டை நீட்டுவதுபோல.

2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது தில்லிக்கே கூசாத சொல் உங்கள் அழைப்பிதழுக்குக் கூசுகிறது. சாவுக்கு அடிக்க ஆள் தேடும்போதும் அது யாருக்கும் கூசியதில்லை. சரி, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

தயவுசெய்து அழைப்பிதழில் 'பறையாட்டம்' என்றே போடுங்கள். மேடைக்குப் பின்னால், பந்தல் துணியும் மின்கம்பியும் இல்லாத திறந்தவெளியில் பத்தடிக்குப் பத்தடி இடம், ஒரு கட்டு வைக்கோல், இரண்டு வாளித் தண்ணீர், எங்கள் முறைக்கு முன் அரை மணி நேரம் கொடுங்கள். தீயணைப்பு அனுமதி தேவையென்றால் இப்போதே சொல்லுங்கள், விண்ணப்பத்தில் நாங்களும் கையெழுத்திடுகிறோம். அந்த விண்ணப்பத்திலும் 'பறை' என்றே எழுதுங்கள்.

இப்படிக்கு,
பறையாட்டக் குழுவினர்