தமிழய்யா அடித்த பட்டியல்

கோத்தகிரி,
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கற்பகம்,

தீபாவளிக்கு முன்னால் நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டாதே. முழங்கால் பரவாயில்லை. மருமகளுக்குக் குன்னூருக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. தேயிலை விலை வழக்கம்போல ஃபாக்டரிக்காரர் வைத்ததுதான். மழை விடுவதாக இல்லை. மேட்டுப்பாளையம் ரோட்டில் எங்காவது மரம் விழுந்துவிடுகிறது, பேப்பர் மத்தியானத்துக்கு மேல் வருகிறது. ஜெயா அக்கா உன்னை விசாரித்தாள். ரசம் சமாச்சாரம் நினைவிருக்கிறதா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன், பதிலை அவளுக்கே எழுது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வந்திருக்கிறது. அதைக் கொட்ட உன்னை விட்டால் ஆள் கிடையாது.

இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பழைய மாணவர் ஒருவர் நூலகத்துக்குப் புத்தகம் வாங்க ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார். தேர்ந்தெடுக்க மூன்று பேர்: அந்தப் பள்ளியின் தமிழய்யா, பெற்றோர் சார்பில் ஒரு மளிகைக் கடைக்காரர், ரிட்டையர் ஆகிச் சும்மாதானே இருக்கிறாள் என்று நான். நான் பிள்ளைகளிடமே கேட்டு, ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு போனேன். தமிழய்யா சிவப்புப் பேனாவைத் திறந்தார். காமிக்ஸா, அடி. துப்பறியும் கதையா, அடி. பேய்க்கதை, அடி. ஹாரி பாட்டர் தமிழ் மொழிபெயர்ப்பு, அதற்கு இரண்டு கோடு. “இதெல்லாம் விக்கிற சரக்கு டீச்சர், இலக்கியம் இல்ல” என்றார். கடைசியில் உயிரோடு மிஞ்சியது ஆத்திசூடி விளக்கவுரை, தலைவர்கள் வரலாறு, நீதிக்கதைத் தொகுப்புகள், அழ. வள்ளியப்பா பாட்டுகள். வள்ளியப்பாவும் ஊரெல்லாம் படித்த ஆள்தான். பாடப்புத்தகத்தில் இருப்பதால் தப்பித்தார். மளிகைக் கடைக்காரர் பாவம், “எம் பொண்ணு அந்தப் பேய்க்கதையத்தான் கேட்டா” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். அவரையும் ஒரு கோடு போட்டிருப்பார், பேனா எட்டவில்லை.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். “விற்பதெல்லாம் இலக்கியம் என்றால் ரேஷன் அரிசிதான் மகாகாவியம்” என்று ஹாஸ்டல் மொட்டைமாடியில் நீ முழங்கியதை இன்றைக்கும் ஜெயா அக்கா சொல்லிச் சிரிப்பாள். நானும் விற்பதெல்லாம் இலக்கியம் என்று சொல்ல வரவில்லை. என் கோபம் வேறு இடத்தில். கணக்கில் விடை தப்பு என்று சொன்னால் எந்த வரியில் தப்பியது என்று காட்ட வேண்டும். நான் அப்படித்தான் மார்க் போட்டேன். தமிழய்யா எந்த வரியையும் காட்டவில்லை. அடித்த புத்தகங்களில் ஒன்றையும் அவர் படித்ததில்லை. அதைப் பெருமையாகவே சொன்னார்.

அமெரிக்க விமர்சகர் ஹெரால்ட் ப்ளூமையாவது எடுத்துக்கொள். 2000-இல் ஹாரி பாட்டரை அவர் பத்திரிகையில் போட்டுத் தாக்கினார். மூன்றரைக் கோடிப் பேர் வாங்கினால் தப்பாக இருக்க முடியுமா, முடியும் என்பதுதான் தலைப்பே. ஆனால் மனிதர் முதல் புத்தகத்தை உட்கார்ந்து படித்தார். தேய்ந்துபோன தொடர்களைப் பக்கம் சொல்லி எடுத்துக் காட்டினார். அந்த வசனநடை பற்றி அவர் சொன்னதில் எனக்குப் பாதி சம்மதம். அன்றைக்கு அவரால் பார்த்திருக்க முடியாதது ஒன்று உண்டு. 1997-இல் முதல் புத்தகம், 2007-இல் ஏழாவது; புத்தகத்துக்கு ஒரு வயது ஏறுகிறது, கதையும் இருண்டுகொண்டே போகிறது. பதினொரு வயதில் படிக்கத் தொடங்கிய பிள்ளை, சாவைப் பற்றிப் பேசும் கடைசிப் புத்தகத்துக்கு வரும்போது அதற்கு மீசை முளைத்திருக்கிறது. வாக்கியம் சுமார்தான், அந்தக் கட்டுமானம் சுமார் இல்லை. இப்படி அவரோடு என்னால் சண்டை போட முடிகிறது, ஏனென்றால் அவர் படித்துவிட்டுத் திட்டினார்.

அதே 2000 ஜூலையில் நடந்த வேடிக்கை தெரியுமா? நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் மேல் இடங்களை எல்லாம் ஹாரி பாட்டரே பிடித்துக்கொண்டது. பெரியவர்கள் நாவலுக்கு இடமில்லை என்று பதிப்பாளர்கள் புலம்பினார்கள். உடனே குழந்தைகள் நூலுக்கென்று தனிப் பட்டியல் போட்டு இதை அங்கே தள்ளிவிட்டார்கள். பந்தியில் முன்னால் உட்கார்ந்த பிள்ளைகளை எழுப்பித் திண்ணைக்கு அனுப்புகிற கதைதான். கொஞ்ச நாளில் இன்னொன்றும் நடந்தது: 2001-க்கான இங்கிலாந்தின் விட்பிரெட் பரிசில் ஆண்டின் சிறந்த நூலாக ஃபிலிப் புல்மன் குழந்தைகளுக்கு எழுதிய நாவலைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பெரிய பரிசு ஒரு குழந்தை நூலுக்குப் போனது அதுவே முதல் முறை.

இங்கிலாந்தில் பிள்ளைகளுக்கு எழுதிக் குவித்த எனிட் பிளைட்டன் கதை இன்னும் மோசம். பி.பி.சி. வானொலி பல வருடங்கள் அவர் கதைகளை ஒலிபரப்பாமல் ஒதுக்கியே வைத்திருந்தது. இலக்கியத் தரம் போதாது என்று உள்ளுக்குள் குறிப்பு எழுதிக்கொண்டார்கள். பிள்ளைகள் அதைப் பற்றிக் கவலையே படவில்லை. 1942 முதல் 1963 வரை ‘ஃபேமஸ் ஃபைவ்’ என்ற அந்த ஐந்து பேர் கூட்டத்தின் கதைகள் மட்டும் இருபத்தொன்று வந்தன. இந்த மழைக்காலத்தில் அவற்றில் சிலதை மறுபடி எடுத்தேன். கற்பகம், உட்கார முடியவில்லை! பிக்னிக் போனால் சமையல் சாமானை அடுக்குவது ஆன் என்கிற பெண்தான். கெட்டவன் வேண்டுமென்றால் ஊர்சுற்றிகளோ வெளியூர்க்காரர்களோ இருக்கவே இருக்கிறார்கள். வர்ணனை வந்தால் கண் தானாகத் தாண்டுகிறது. ஆனால் ஆணாகப் பிறந்திருக்கக் கூடாதா என்று தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு திரிகிற அந்த ஜார்ஜ் வருகிற பக்கங்களில் உயிர் இருக்கிறது. முழுப் புத்தகமும் தேறாது, அவள் தேறுவாள். இப்படிப் பிரித்துச் சொல்வதுதானே விமர்சனம்? நீ காலேஜில் அதைத்தானே நடத்தினாய்?

குழந்தைகளுக்கு மட்டும் பிடிக்கிற குழந்தைக் கதை மோசமான கதை என்று சி.எஸ். லூயிஸ் சொன்னதை நீ எப்போதும் கொண்டுவருவாய். எனக்கு அதில் முழு உடன்பாடு கிடையாது. ஒன்பது வயதுக்கு மட்டுமே திறக்கிற கதைகள் இருக்கின்றன. அறுபது தாண்டிய எனக்கு அது மூடிக்கிடக்கிறது என்பதால் கதைக்கு என்ன குறைச்சல்? முதல் காதல் கவிதையை எண்பது வயதுக்காரரிடம் கொடுத்தா தரம் பார்க்கிறோம்?

சரி, நம் ஊருக்கு வருகிறேன். இதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று துடித்தேன்.

வேதாளம் கதையை எடுத்துக்கொள். பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் ‘கதாசரித்சாகர’த்தில் சேர்த்துவைத்தது இருபத்தைந்து கதை. 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமா அதைப் பிடித்து, இருபத்தைந்தும் தீர்ந்த பிறகு புதுசு புதுசாகக் கட்டி, பல பத்தாண்டு மாதாமாதம் ஓட்டியது. ஒவ்வொரு மாதமும் அதே ‘மனம் தளராத’ விக்கிரமன், தோளில் அதே பிணம், சங்கர் வரைந்த அதே கத்தி. தமிழய்யா கணக்கில் இது அச்சு எந்திரம் துப்பிய சரக்கு. ஆனால் கதை எங்கே முடிகிறது என்று பார். கேள்வியில் முடிகிறது. நீதிக்கதை கடைசி வரியில் வாயை மூடு என்கிறது. வேதாளம் வாயைத் திற, இல்லாவிட்டால் தலை வெடிக்கும் என்கிறது.

போன மாதம் வாசிப்பு நேரத்தில் தலை மாறிய கதையைப் படித்துக் காட்டினேன். புருஷன் தலை இன்னொருவன் உடம்பில், அவன் தலை புருஷன் உடம்பில், யார் புருஷன்? தலை எங்கே இருக்கிறதோ அவன்தான் என்பது விக்கிரமன் தீர்ப்பு. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம், பாட்டி காலத்திலிருந்து தோட்ட வேலை. “ராஜா சொன்னது தப்பு டீச்சர். கை எந்த ஒடம்புல இருக்கோ அவருதான் புருஷன். தலையா இலை பறிக்குது?” என்றாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சத்தம் போட்டது. பெல் அடித்தும் ஓயவில்லை. நீதிக்கதைத் தொகுப்பை வைத்துக்கொண்டு நான் எத்தனை வருடம் கத்தினாலும் இப்படி ஒரு வாக்கியம் எனக்குக் கிடைத்திருக்காது.

இன்னொன்று, இது மலைக்கு வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. இங்கே பல பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ் இல்லை. படுகர் வீட்டில் படுகு, இன்னும் சில வீட்டில் இருளர் பேச்சு, குறும்பர் பேச்சு. எழுத்துத் தமிழ் அவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில், பரீட்சை பயத்தோடுதான் வந்து சேர்கிறது. காமிக்ஸில் ஒரு ஆள் பேசுவது இரண்டு வரி; படம் பாதி அர்த்தத்தைச் சொல்லிவிடுகிறது; அடுத்த கட்டத்தில் என்ன ஆகும் என்ற தவிப்பு மீதியைப் பார்த்துக்கொள்கிறது. அப்படித் தமிழுக்குள் வந்த பிள்ளை நாளைக்கு உன்னுடைய சங்கப் பாட்டுக்கும் வரலாம். வராமலும் போகலாம். அதற்காக அந்தக் காமிக்ஸை ஏணி, படிக்கட்டு என்று சொல்லித் தாங்கிப் பிடிக்கவும் எனக்கு மனசில்லை. அந்த நேரத்து இன்பம் அந்த நேரத்துக்கே போதும். அதற்காக எல்லாக் காமிக்ஸும் ஒன்றா? சிலதில் மொழிபெயர்ப்பு அத்தனை துடிப்பு, சிலதில் வாக்கியம் எழுந்து நிற்கவே மாட்டேன் என்கிறது. இதை யாராவது சொன்னார்களா?

அதுதான் என் புகார். வாண்டுமாமா 2014-இல் போனபோது ‘எங்கள் பால்யம்’ என்று எத்தனை பேர் உருகினார்கள். கோகுலம், பூந்தளிர் என்று வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கே எழுதிக் குவித்தவர். அவருடைய எந்தக் கதை இன்றைக்கும் நிற்கிறது, எது தேதிக்குப் பயந்து எழுதியது என்று ஒருத்தர் பிரித்து எழுதி நான் பார்க்கவில்லை. சாகித்ய அகாடமி 2010 முதல் குழந்தை இலக்கியத்துக்கு பால சாகித்ய புரஸ்கார் கொடுக்கிறது. 2020-இல் பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ வாங்கியது. குழந்தைகளுக்கு நேரும் பாலியல் தொல்லையைப் பிள்ளைகளுக்கே சொல்கிற கதை. இங்கே பெண் பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்து அட்டை கிழிந்துவிட்டது. பாராட்டாத ஆள் இல்லை. ஆனால் எல்லாரும் பாராட்டுவது விஷயத்தை. பேசுகிற மரப்பாச்சியைக் கொண்டுவந்ததால் கதை எங்கே கூடிவந்தது, எங்கே பாடம் எட்டிப் பார்க்கிறது என்று பேச்சே இல்லை. பெரியவர்கள் நாவல் என்றால் நீங்கள் எல்லாம் காற்புள்ளி வரை சண்டை போடுவீர்கள். பிள்ளைகள் புத்தகம் என்றால் ஒன்று கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுவது, இல்லாவிட்டால் சிவப்புக் கோடு. இரண்டுக்கும் படிக்க வேண்டிய அவசியமில்லை.

உன் தம்பி விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன். அவன் இரும்புக்கை மாயாவி காமிக்ஸை மெத்தைக்கு அடியில் வைத்திருந்ததும், உன் அப்பா அத்தனையையும் வெந்நீர் அடுப்பில் போட்டதும் எனக்கு மறக்கவில்லை. நான் அன்றைக்கு உங்கள் வீட்டில்தான் இருந்தேன். உன் அப்பாவைக் குறை சொல்லவில்லை, அந்தக் காலத்து வாத்தியார், பயந்துவிட்டார். ஆனால் அவன் அதற்குப் பிறகு பாடப்புத்தகத்தையும் பிரித்துப் படித்து நான் பார்த்ததில்லை. முத்து காமிக்ஸ் 1972-இல் வரத் தொடங்கியது. அதைப் படித்த பையன்கள் இப்போது பேரன் எடுத்துவிட்டார்கள், இன்னமும் சிவகாசியிலிருந்து மறுபதிப்பு வரவழைக்கிறார்கள். அவனும் வாங்குகிறானாம், அவன் பெண்டாட்டி சொன்னாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாளாம். ‘அக்கா பேராசிரியர், சிரிப்பாங்க.’

சிரிக்க மாட்டாய்தானே?

போகட்டும். அடுத்த கூட்டம் பொங்கல் கழித்து. தமிழய்யா கெட்டவர் இல்லை. ஆதாரத்தோடு பேசினால் கேட்கிற ஆள்தான். தமிழில் அவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பு போதாது. ஆகவே அடிபட்ட புத்தகங்களில் ஆறு எடுத்துப் பார்சல் கட்டியிருக்கிறேன். மழை விட்டதும் அனுப்புகிறேன். படித்துவிட்டு எது தேறும், எது தேறாது, ஏன் என்று பக்கம் போட்டு எழுதி அனுப்பு. நாலு தேறாவிட்டால் நாலையும் நானே அடிக்கிறேன், அதில் எனக்கு வருத்தமில்லை. உன் பெயரைப் பார்த்தால் தமிழய்யா எழுந்து நின்று வாசிப்பார், நீ முனைவர் அல்லவா.

இரண்டு நிபந்தனை. பேய்க்கதையை ராத்திரி படி, பகலில் படித்துவிட்டுப் பயமே வரவில்லை என்று எழுதாதே. அப்புறம் முதல் அத்தியாயத்தோடு தூக்கிப் போடாதே. உன்னை எனக்குத் தெரியும்.

இந்த ஊர் ஈரத்தில் புத்தகமெல்லாம் பூஞ்சை பிடித்திருக்கிறது, வந்ததும் ஒரு நாள் வெயிலில் காயவை. உங்கள் ஊரில் அது ஒன்றுக்குத்தான் குறைவில்லை. பார்சலில் மாயாவியும் ஒன்று இருக்கிறது. தம்பி வந்தால் எடுத்து உள்ளே வை, பள்ளிக்கூடத்துக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
சரோஜா