செயலாளர் ஆண்டறிக்கை: ஒரு திரைச்சீலையும் வராத முப்பத்து நான்கு பேரும்

நம் புகைப்படச் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். போன வருட அறிக்கை ரொம்ப நீளம் என்று சிலர் குறைப்பட்டார்கள். இந்த முறை ஒரு பக்கத்தில் முடித்துவிடத்தான் உட்கார்ந்தேன். ஏன் முடியவில்லை என்பது போகப் போகத் தெரியும்.

வழக்கமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டம் பன்னிரண்டில் பத்து நடந்தது, மீதி இரண்டுக்கும் ஆள் சேரவில்லை. வெளியூர்ப் படப்பிடிப்புப் பயணம் ஒன்று. லென்ஸ் பராமரிப்பு வகுப்பு ஒன்று. புகைப்படப் போட்டி ஒன்று நடந்தது, பரிசும் கொடுத்தாயிற்று. முடிவைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை, அதை இங்கே கிளற விரும்பவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் செயற்குழு ஒப்புதலோடு (தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது, சந்தேகம் உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளலாம்) இர்விங் பென் என்ற புகைப்படக்காரரைப் பற்றி ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் உரையும் கடைசியில் ஒரு செயல்முறை முகாமும், அதில் படமெடுப்பவர்களுக்குப் பின்னணியாகத் தொங்கவிட ஒரு திரைச்சீலையும் ஏற்பாடு செய்தேன். பதிவேட்டில் நாற்பத்தோரு பேர் இருக்கிறோம். முதல் ஞாயிறு ஏழு பேர் வந்தார்கள். கடைசி ஞாயிறு நான்கு பேர், அதில் ஒருவர் அரங்கத்தைப் பூட்டுவதற்காகக் காத்திருந்த காவலாளி. இத்தனைக்குப் பிறகும், "யாரோ ஒரு ஃபேஷன் போட்டோகிராபருக்காக எதற்குத் திரைச்சீலை வாங்கினீர்கள்?" என்று கேள்வி வருகிறது. உரைக்கு வந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. வராதவர்களுக்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன், வந்தவர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

பென் 1917-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர். ஃபிலடெல்ஃபியாவில் அலெக்சி ப்ரோடோவிச் என்ற வடிவமைப்பாளரிடம் படித்தார். பத்திரிகைக்குச் சின்னச் சின்னதாகச் செருப்பு, ஷூ படங்கள் வரைந்து கொடுத்துச் சம்பாதித்த காசில் 1938-ல் ஒரு ரோலிஃபிளெக்ஸ் கேமரா வாங்கினார். ஆனால் ஆசை என்னவோ ஓவியத்தின் மேல். மெக்சிகோவுக்குப் போய் ஒரு வருடம் வரைந்தார், தனக்கு அது வரவில்லை என்று தெரிந்ததும் வரைந்ததையெல்லாம் தானே அழித்துவிட்டார். நம் போட்டிக்குப் படம் அனுப்பும் சிலருக்கு இந்த மனசு கொஞ்சம் இருந்தால் நடுவர்கள் பிழைப்பார்கள்.

திரும்பி வந்தவரை வோக் என்ற ஃபேஷன் பத்திரிகையின் கலை இயக்குநர் அலெக்சாண்டர் லிபர்மன் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். அட்டைப்படத்துக்கு யோசனை சொல்வதுதான் வேலை. இவர் சொன்ன யோசனைகளை அங்கிருந்த பெரிய புகைப்படக்காரர்கள் கண்டுகொள்ளவில்லை, அப்படியென்றால் நீயே எடு என்றார் லிபர்மன். 1943 அக்டோபர் இதழின் அட்டையில் வந்த அந்தப் படத்தில் ஆளே கிடையாது. கைப்பை, கையுறை, பழங்கள், அவ்வளவுதான். அப்புறம் அறுபது வருடத்துக்கும் மேலாக அந்தப் பத்திரிகைக்கு எடுத்தார், அட்டைப்படங்கள் மட்டும் நூற்றைம்பதைத் தாண்டும்.

இனி திரைச்சீலை. 1950-ல் பாரிஸ் ஃபேஷன் உடைகளை எடுக்கப் போனபோது ஒரு பழைய புகைப்படப் பள்ளியின் மேல்மாடியைப் பிடித்தார்கள். ஜன்னல் வழியாக வரும் பகல் வெளிச்சம்தான் விளக்கு. பின்னால் தொங்கவிட்டது நாடக மேடையில் கிடந்த ஒரு பழைய திரைச்சீலை. வெள்ளையும் இல்லாமல் கறுப்பும் இல்லாமல், அழுக்குச் சாம்பலில் திட்டுத்திட்டாக இருக்கும். அதற்கு முன்னால் நின்றவர்களில் முக்கியமானவர் மாடல் லிசா ஃபோன்சக்ரீவ்ஸ், அதே வருடம் பென்னுக்கு மனைவியானார். இதில் எனக்குப் பிடித்தது வேறு. பாரிசின் விலையுயர்ந்த உடைகளை எடுத்த அதே இடத்துக்குக் கைத்தொழில் செய்பவர்களையும் வரவழைத்து, வேலை உடையும் கருவிகளுமாக அதே வெளிச்சத்தில் நிற்க வைத்து எடுத்தார். இளவரசிக்கு ஒரு மரியாதை, இறைச்சி வெட்டுபவருக்கு ஒரு மரியாதை என்ற பேச்சே இல்லை. அந்தத் தொடர் லண்டனிலும் நியூயார்க்கிலும் தொடர்ந்தது. திரைச்சீலையை அவர் தூக்கிப் போடவில்லை, பல பத்தாண்டுகள் கூடவே வைத்திருந்தார்.

ஆக, செலவு ஒரு தடவை, பயன் ஐம்பது வருடம். பொருளாளர் கவனிக்க.

அதற்கும் முன்பு, 1948 கிறிஸ்துமஸ் சமயத்தில், பெரு நாட்டின் குஸ்கோவில் உள்ளூர் புகைப்படக்காரர் ஒருவரின் ஸ்டூடியோவை வாடகைக்கு எடுத்து மூன்றே நாளில் சுமார் இருநூறு பேரைப் படமெடுத்திருக்கிறார். பண்டிகைக்குப் படம் எடுத்துக்கொள்ள வந்தவர்களிடம் காசு வாங்காமல் இவரே காசு கொடுத்தார். அதே வருடம் நியூயார்க்கில் இரண்டு தட்டிகளைக் குறுகலாகச் சேர்த்து ஒரு மூலை செய்து, பிரபலங்களை அதற்குள் நிற்கவிட்டார். குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ், ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் எல்லாம் அந்த மூலைக்குள் நிற்கிறார்கள். ஒளிய இடமில்லாதபோது மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள், படங்களை நூலகத்தில் வைத்திருக்கிறேன். 1972-ல் தெருவில் கிடந்த சிகரெட் துண்டுகளைப் பொறுக்கி வந்து எடுத்தார், அவற்றைப் பிளாட்டின உப்பு பூசிய காகிதத்தில் அச்சிட, 1975-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மாட்டினார்கள். 2009-ல் 92 வயதில் காலமானார். இன்னும் நிறைய இருக்கிறது, ஆறு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை இதில் அடக்க முடியாது.

முகாமுக்கு வருகிறேன். நம் அரங்கத்தின் வடக்கு ஜன்னலைக் கேடயங்கள் வைத்த பீரோ மறைத்துக்கொண்டிருந்தது. அதை நகர்த்தியதற்கு மூத்த உறுப்பினர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். நகர்த்தியது நானும் காவலாளியும்தான், கேடயம் ஒன்றுகூட உடையவில்லை. பீரோ இருந்த இடத்தில் வெளிச்சம் வந்து விழுந்தபோது இத்தனை வருடம் இதை மறைத்தா ட்யூப்லைட் போட்டுக்கொண்டிருந்தோம் என்று இருந்தது. கான்வாஸ் துணியை நானே மூன்று இரவு சாயம் பூசினேன். முதல் பூச்சு காய்ந்ததும் சிமெண்ட் சுவர் மாதிரி ஆகிவிட்டது, ஈரத்துணியால் தேய்த்துத் தேய்த்துத்தான் திட்டு வந்தது.

ஒரு தையல்காரரை வேலை உடையோடு வரச் சொல்லியிருந்தோம். புதுச் சட்டை போட்டு, தலைவாரி வந்து நின்றார். நியூயார்க்கில் பென்னுக்கும் இதே கதைதான், சொன்ன பேச்சைக் கேட்காமல் அலங்கரித்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. சட்டையை மாற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழக்கதோஷத்தில் கழுத்தில் டேப் மட்டும் தொங்கியது, அதை அவரே கவனிக்கவில்லை. அந்தப் படம்தான் முகாமிலேயே சிறந்த படம். எடுத்தது நம் இளைய உறுப்பினர் ஒருவர், சங்கத்துக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது.

கணக்கு விஷயம்: வரவும் செலவும் கிட்டத்தட்டச் சரியாக இருக்கிறது. அந்தக் 'கிட்டத்தட்ட'வைப் பொருளாளர் விளக்குவார். துணி, சாயம், தட்டிகள் எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கிறது, கொஞ்சம் என் கையிலிருந்தும் போனது, அதை நான் கேட்கவில்லை. சந்தா கட்டியவர்கள் பத்தொன்பது பேர். மூன்று வருடமாகக் கட்டாதவர்கள் சிலர் திரைச்சீலைச் செலவைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். பெயர் சொல்லவில்லை.

தலைவருக்கும் பொருளாளருக்கும் நடுவர்களுக்கும் அரங்கம் தந்தவர்களுக்கும் நன்றி. காவலாளிக்குத் தனியாக நன்றி, ஆறு உரைகளையும் முழுதாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அடுத்த வருடம் நான் இந்தப் பொறுப்பில் இருப்பேனா என்று கேட்கிறார்கள். வேறு யாராவது முன்வந்தால் சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்துவிடுகிறேன். இதுவரை யாரும் வரவில்லை. ஒருவேளை நானே தொடர வேண்டியிருந்தால், மாதம் ஒரு ஞாயிறு அந்த ஜன்னலோரம் பத்துத் தொழிலாளிகளைப் படமெடுத்து, ஆளுக்கொரு பிரதி கொடுக்கலாம் என்று இருக்கிறேன். காகிதத்துக்கும் மைக்கும் பணம் வேண்டும், பாக்கிச் சந்தா வந்தாலே போதும். திரைச்சீலை இப்போது என் வீட்டுப் பரணில் சுருட்டி இருக்கிறது. இறக்க இரண்டு பேர் வேண்டும், தனியாகத் தூக்கினால் மடிப்பு விழுந்துவிடும்.

இப்படிக்கு,
செயலாளர்