1911 கைத்துப்பாக்கி வாங்கப்போகிற நண்பனுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மணிக்கட்டு வலி விட்டபாடில்லை, இன்றுதான் பேனா பிடிக்க முடிந்தது. நீ கேட்டதற்கு அந்த வலியே பாதி பதில்.

1911-ஐ எந்தத் தோட்டா அளவில் வாங்குவது, .45-ஆ, 9 மி.மீ.-ஆ என்கிறாய். மனசைக் கேட்டால் .45தான். அந்தத் தோட்டாவும் துப்பாக்கியும் அதை வடிவமைத்த ஜான் பிரவுனிங்கின் ஒரே பட்டறையில் பிறந்த சோடி. 230 கிரெயின் எடையுள்ள குண்டு, வினாடிக்குச் சுமார் 830 அடி வேகம். உதை சுள்ளென்று அடிக்காது, கனமாகத் தள்ளும். முதல் இருபது சுடும்வரை சுகம். நூறைத் தாண்டினால் மறுநாள் எனக்கு டம்ளர் தூக்க வராது. 9 மி.மீ.-இல் அதே பிடி, அதே ட்ரிகர், குண்டு மட்டும் 115 அல்லது 124 கிரெயின். தோட்டா விலையும் குறைவு. நீ வாரம் தவறாமல் ரேஞ்சுக்குப் போகிறவன், அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறவன் இல்லை. 9 வாங்கு. (.38 சூப்பர் என்ற இன்னொரு அளவு 1929-லிருந்து இருக்கிறது, எனக்கு ஆசைதான். தோட்டா தேடி அலைவது யார்?)

.45 வாங்கிவிட்டு அப்புறம் 9-க்குக் குழலை மட்டும் மாற்றிக்கொள்ளலாமே என்று எழுதியிருந்தாய். நடக்காது. .45 தோட்டாவின் அடிவிளிம்பு 12 மி.மீ.க்குச் சற்று மேல், மற்றது 10கூட இல்லை. மேலே முன்னும் பின்னும் நகர்கிற ஸ்லைடின் முகமே அந்த அளவுக்குக் குடைந்தது. சுட்ட தோட்டாக்கூட்டை இழுத்து வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டர், எஜெக்டர், தோட்டா அடுக்கும் மேகசின், ஸ்பிரிங் என்று மாற்றவேண்டியது போய்க்கொண்டே இருக்கும். பாதித் துப்பாக்கியைப் புதிதாக வாங்கினது போலத்தான்.

உதிரி பாகங்களில் கைவைக்க அவசரப்படாதே. என் கதையைக் கேள். பெரிய நெம்புள்ள தம்ப் சேஃப்டி (கட்டைவிரலால் தள்ளும் பாதுகாப்புப் பூட்டு) ஒன்று வாங்கினேன். பெட்டியில் ‘அப்படியே பொருந்தும்’ என்று இருந்தது. பொருந்தவில்லை. அரத்தை எடுத்து இரண்டு இழுப்பு, பிறகு இன்னும் ஒன்று. பொருந்திவிட்டது. காலி துப்பாக்கியில் சேஃப்டியை மேலே தள்ளிவிட்டு ட்ரிகரை இழுத்தேன். விட்டேன், சேஃப்டியைக் கீழே இறக்கினேன், சுத்தியல் தானாக விழுந்தது! சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் சியரைத் தடுக்கவேண்டிய இடத்தில் ஒரு மயிரிழை அதிகமாகத் தேய்த்திருக்கிறேன். உள்ளே தோட்டா இருந்திருந்தால் என்று நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு, துப்பாக்கிக் கம்மியரிடம் கொடுத்துப் புதிதாக ஒன்றைப் பொருத்தினேன். சியர், சுத்தியல் பக்கம் நீயும் போகாதே.

பிடிக்குப் பின்னால் கைக்கு மேல் நீளும் வாலான பீவர்டெயில் மட்டும், சுத்தியல் உன் கைச்சதையைக் கடித்தால் போடு. பழைய வால் குட்டை என்றுதான் 1920-களில் வந்த ஏ1 என்ற திருத்திய 1911-லேயே அதை நீட்டினார்கள். இதற்கும் துப்பாக்கியின் அடிச்சட்டமான பிரேமை இழைக்கவேண்டும், கம்மியர் வேலைதான். பழைய ஒரிஜினல் துப்பாக்கி என்றால் அதுவும் வேண்டாம், மதிப்புப் போய்விடும். ஸ்லைடின் ஸ்பிரிங்குக்குள் போகும் முழுநீள கைடு ராடு வெறும் பகட்டு, கழற்றும்போதுதான் எரிச்சல்.

காசை நல்ல மேகசின்களில் போடு. தோட்டா சிக்கினால் நான் முதலில் மாற்றுவது அதைத்தான்.

ஒன்று மறந்துவிட்டேன். கழற்றி மாட்டும்போது, ஸ்லைடை நிறுத்தும் பக்கத்து நெம்பான ஸ்லைடு ஸ்டாப்பை நேராக உள்ளே தள்ளு. பிரேமில் உரச விட்டால் பிறை மாதிரி ஒரு கீறல் விழும். என்னுடையதில் இரண்டு இருக்கின்றன, வரும்போது காட்டுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்