மூன்று திருகாணிகள்

ஆஸ்டின்
அக்டோபர் 12

அன்புள்ள சந்தானம்,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. உன் மேல் கோபம் எதுவும் இல்லை. நாளை நாளை என்று தள்ளிப் போட்டேன், அவ்வளவுதான். இங்கே எல்லோரும் நலம். சின்னவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. விமலாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. தங்கச்சியை நாங்கள் இருவரும் கேட்டதாகச் சொல்.

நேற்று இரவு நீ அனுப்பிய துப்பாக்கியின் படத்தைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தக் கடிதமே அதற்காகத்தான். அதன் நீலப் பூச்சு எவ்வளவு அழகாக இருக்கிறது பார் என்று நீ எழுதியிருந்தாய். அழகுதான், மறுக்கவில்லை. நான் துப்பாக்கியின் உடலான ஃபிரேமின் பக்கவாட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று திருகாணிகள். ரூகர் கம்பெனியின் புதிய பிளாக்ஹாக் ரிவால்வரில் அந்த இடத்தில் இரண்டு முளைத் தலைகள்தான் தெரியும். மூன்று திருகாணி என்றால் 1973-க்கு முந்தைய ரூகர். யாரோ ஒரு பெரியவர் காலமான பிறகு அவர் வீட்டுச் சாமான்களை விற்றபோது உன் கைக்கு வந்திருக்கிறது. நல்ல விலைக்குத்தான் வாங்கியிருக்கிறாய். அந்தப் பச்சை வேனைத் தவிர நீ எதிலும் ஏமாந்தவன் இல்லை.

ஆனால் படத்துக்குக் கீழே, "ஆறு தோட்டாவையும் நிரப்பி இடுப்பில் மாட்டிக்கொண்டுதான் தினமும் காலையில் நாய்களோடு நடக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் எனக்கு நெஞ்சு அடைத்தது.

ஜூலையில் நடந்ததை உனக்குச் சொல்லவில்லை. லானோவுக்கு அப்பால், பெரியசாமி அண்ணன் குத்தகைக்கு எடுத்திருக்கிற நிலத்துக்குப் பன்றி வேட்டைக்குப் போயிருந்தோம். இடுப்பில் என்னுடைய பழைய .357 ரிவால்வர், உன்னுடையதைப் போலவே மூன்று திருகாணிக்காரன். ஓடைக்கரையில் குனிந்து வேலிக் கம்பியைத் தூக்கிப் பிடித்தபோது உறையின் வார் தளர்ந்து, துப்பாக்கி நழுவிச் சுண்ணாம்புப் பாறையில் விழுந்தது. முதலில் பாறையில் பட்டது, ஊசியை அடித்துத் தோட்டாவை வெடிக்கவைக்கும் ஹாமர். ஆணி அடித்தது போல ஒரு சத்தம். அண்ணன் எனக்கு நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். எடுத்துப் பார்த்தேன். ஹாமரைக் கட்டைவிரலால் இழுக்கும் நாக்கில் பாறைத்தூள் வெள்ளையாக ஒட்டியிருந்தது, வரிப்பள்ளங்களில் ஒன்று நசுங்கியிருந்தது. தோட்டா போடும் கதவைத் திறந்து சிலிண்டரைச் சுற்றிப் பார்த்தால், ஊசிக்கு நேரே இருந்த அறை காலி. நான் எப்போதும் ஐந்துதான் நிரப்புவேன். எனக்குச் சுடக் கற்றுத்தந்த கோவிந்தராஜ் சார் முதல் நாளே தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தது. ஆறாவது அறையிலும் தோட்டா இருந்திருந்தால் அன்று அண்ணனின் கால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

பழையதில் ஹாமர் முழுவதும் இறங்கி நிற்கும்போது அதன் முகம் நேராக ஊசியின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும். ஊசிக்கு முன்னால், அடிபட்டால் தீப்பற்றும் தோட்டாவின் பிரைமர். பின்னாலிருந்து ஓர் அடி விழுந்தால் போதும், வெடித்துவிடும். ஹாமரைச் சற்றே பின்னுக்கு இழுத்து முதல் பல்லில் நிறுத்தினால் பாதுகாப்பு என்கிறார்கள். அந்தப் பல் அடியைத் தாங்காமல் உடையக்கூடியது. 1873-இல் கோல்ட் செய்த ராணுவத் துப்பாக்கியிலிருந்து வழிவழியாக வந்த குணம் இது. இப்படிக் கீழே விழுந்து சுட்டுக்கொண்டவர்கள் வழக்குப் போட்டார்கள். 1973-இல் ரூகர் உள்வேலைப்பாட்டையே மாற்றி டிரான்ஸ்ஃபர் பாரைக் கொண்டுவந்தது. ஹாமருக்கும் ஊசிக்கும் நடுவே ஓர் இடைவெளி. டிரிகரை இழுத்துப் பிடித்தால்தான் ஓர் இரும்புத் தகடு மேலேறி வந்து அந்த இடைவெளியை நிரப்பும். விரலை எடுத்தால் தகடு இறங்கிவிடும். அப்புறம் ஹாமரின் மேல் அடித்தாலும் அடி ஊசிக்குப் போகாது.

பழைய துப்பாக்கிகளுக்கும் இந்த மாற்றத்தை ரூகரே இலவசமாகச் செய்து தருகிறது. செப்டம்பரில் என்னுடையதை அனுப்பினேன். போன வாரம் வந்தது. கழற்றிய பழைய பாகங்களையும் ஒரு சின்ன பாலிதீன் பையில் போட்டுக் கூடவே அனுப்பியிருக்கிறார்கள். நசுங்கிய வரியோடு அந்த ஹாமர் இப்போது என் மேசையில் இருக்கிறது.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். டிரிகரின் மென்மை போய்விடும் என்பாய். போய்விட்டது, உண்மைதான். ஹாமரை இழுக்கும்போது வரும் நான்கு சொடுக்குகளைக் கேட்பதற்காகவே பழையதை வைத்திருக்கிறேன் என்பாய். அந்த ஒலி எனக்கும் பிடிக்கும், சந்தானம். சேகரிப்பவனுக்கு அதன் மதிப்புக் குறையும் என்பதும் எனக்குப் புரிகிறது. அதனால் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஐந்து மட்டும் நிரப்பு. ஹாமரைப் பாதி இழுத்து நிறுத்தி, கதவைத் திற. ஒன்று போடு, ஓர் அறையை விடு, பிறகு நான்கு போடு. கதவை மூடி, ஹாமரை முழுவதும் இழுத்து, கட்டைவிரலால் பிடித்தபடி மெல்ல இறக்கு. அது காலி அறையின் மேல் வந்து உட்காரும். பழகிவிட்டால் கை தானே செய்யும்.

இனி நம் பழைய பஞ்சாயத்து. ஃபிரேம் விஷயத்தில் நான்தான் வென்றேன், உன் படமே சாட்சி. பெரிய ஃபிரேம்தான் ஆண்பிள்ளைக்கு அழகு என்று இருபது வருடம் என்னோடு சண்டை போட்டவன், கடைசியில் வாங்கியிருப்பது நடுத்தர ஃபிரேம்! 1955-இல் வந்த முதல் .357 பிளாக்ஹாக் கோல்ட்டின் அளவில்தான் இருந்தது. கையில் எடுத்தால் சுட்டுவிரல் நீட்டுவது போல நீளும். 1973-இல் பாதுகாப்பைக் கொண்டுவந்த அதே கையோடு .357-ஐயும் .44 தோட்டாவுக்கான பெரிய ஃபிரேமில் போட்டுவிட்டார்கள். உறுதி கூடியது, கைக்குள் அடங்குகிற அந்தச் சுகம் போனது. என்னைப் போன்றவர்கள் முப்பது வருடத்துக்கு மேல் புலம்பிய பிறகு, 2005-இல் ஐம்பதாம் ஆண்டு என்று சொல்லி நடுத்தர ஃபிரேமைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், டிரான்ஸ்ஃபர் பாரோடு. நான் அதை வாங்கிய அன்று உனக்குத் தொலைபேசியில் சொன்னேன், நீ சிரித்தாய். இப்போது பழையதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறாய், சொல்: உன் பெரிய ஃபிரேம் சூப்பர் பிளாக்ஹாக்கை இதற்கு மேல் தூக்கத் தோன்றுகிறதா? அதன் சதுர முதுகுள்ள டிரிகர் காப்பு உன் நடுவிரல் முட்டியை இடித்து இடித்து வீங்கவைத்ததை நான் மறக்கவில்லை.

ஹாமர் விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி. கோல்ட் பாணி நாக்கு உயரமாக, வளைந்து நிற்கிறது, பார்க்க அழகு. ஆனால் என் வலது கட்டைவிரல் மூட்டு இப்போது அவ்வளவு தூரம் எட்டுவதில்லை. எட்டினாலும் பிடியை மாற்ற வேண்டியிருக்கிறது, குறி கலைகிறது. 1959-இல் வந்த உன் சூப்பரின் நாக்கு தாழ்வாக, அகலமாக இருப்பதன் அருமை இந்த வயதில்தான் தெரிகிறது. என் 2005 துப்பாக்கியில் அந்த ஹாமரையே மாட்டிக்கொண்டேன். பிடி அசையாமல் கட்டைவிரல் போய் உட்காருகிறது. ரூகரின் பிஸ்லி மாடலில் வரும் ஹாமர் இன்னும் தாழ்வு. அதையும் ஒருநாள் சுட்டுப் பார்க்க வேண்டும்.

மணி இப்போது நாக்கையே வெட்டிவிடலாம் என்கிறான். 1938-இல் பிரிட்டிஷ் ராணுவம் என்ஃபீல்டு ரிவால்வரில் நாக்கை எடுத்துவிட்டது, டாங்கிக்குள் உட்காருகிற வீரர்களுக்கு அது எதிலாவது மாட்டிக்கொள்கிறது என்று. அங்கே டிரிகரை இழுத்தாலே ஹாமர் எழும், நாக்கு வேண்டியதில்லை. நம்முடையதில் நாக்கு போனால் எதைப் பிடித்து இழுப்பது? அவனுக்கு இதை நான் மூன்று முறை விளக்கிவிட்டேன். நீயும் ஒரு முறை சொல்லிப் பார்.

நவம்பர் கடைசி வாரத்தில் நாங்கள் இருவரும் உங்கள் பக்கம் வருகிறோம், தங்கச்சியிடம் சொல்லிவை. அந்தப் பாலிதீன் பையையும் கொண்டுவருகிறேன். நசுங்கிய அந்த வரியை நீயே தடவிப் பார். அதுவரை காலை நடைக்குக் கிளம்புமுன் ஆறாவது தோட்டாவை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டுப் போ. வைத்துவிட்டதாக எனக்கு ஒரு வரி எழுது.

உன்
ரங்கன்