மெல்பா லிஸ்டன்ட பேர் எங்க ஐயா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு பேப்பர்ல அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் ராண்டி வெஸ்ரன்ட 'உகுரு ஆப்பிரிக்கா' இசைத்தட்டுக்கு நியூயோர்க்ல ஆண்டு நிறைவுக் கச்சேரி வச்சதப் பத்தி ஒரு துண்டு போட்டிருந்தீங்க. நல்ல விசயம், நம்மட பேப்பருகள்ல ஜாஸ் எண்ட சொல்லக் காணுறதே அபூர்வம். ஆனா வாசிச்சு முடிய எனக்கு மனசு கேக்கல்ல, மெல்பா லிஸ்டன்ட பேர் ஒரு இடத்திலயும் இல்லயே ஐயா.

மெட்டு வெஸ்ரன்டதான், இல்லண்டு சொல்லல்ல. ஆனா அவ்வளவு பெரிய பேண்டுக்கு எந்தக் குழல் எங்க வரோணும், எது எங்க அடங்கோணும் எண்டு நோட் எழுதிக் கோர்த்தது அவதான். தானும் ட்ரொம்போன் எண்ட பித்தளைக் குழல் வாசிக்கிறவ, ஆம்பிளையளே நிறைஞ்சிருந்த பேண்டுகளுக்குள்ள நிண்டு பிடிச்சவ. அவவ விட்டுட்டு எழுதுறது, நம்மட ஊர்க் கூத்துல ராசா வேசம் கட்டினவரப் புகழ்ந்துபோட்டு, எல்லாரையும் பழக்கி மத்தளத்தோட நிண்ட அண்ணாவியார மறக்கிற மாதிரி.

1960ஐயும் நீங்க ஒரு வரியில முடிச்சிட்டீங்க. அந்த ஒரே வருசத்தில ஆப்பிரிக்காவில 17 நாடு சுதந்திரம் எடுத்தது, அக்டோபர் 1ல நைஜீரியா, மறுகா நவம்பர்ல நியூயோர்க்ல இந்தப் பதிவு. நைஜீரியாவில பிறந்த ஒலதுஞ்சி ஒரு பக்கம், கியூபாவில இருந்து வந்த கண்டிடோ ஒரு பக்கம் மேளம், பாட்டு வரி அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ்ட. தொடக்கத்தில சுவாஹிலியில ஒரு குரல் வருமே, அது டங்கனீக்காக்காரர் (இண்டைய தன்சானியாட பெரும்பகுதி) ஒராள்ட, அவர்ட நாட்டுக்கு அப்ப சுதந்திரம் கிடைக்கவே இல்ல, 1961 டிசம்பர்லதான் கிடைச்சது. உகுரு எண்டா சுவாஹிலியில விடுதலை. 1964ல தென்னாப்பிரிக்க அரசாங்கம் இந்தத் தட்டத் தடை செய்தது, சொல்லு கொஞ்சம்தான் இரிக்கு, மிச்சமெல்லாம் குழலும் மேளமும், அதுக்கே பயந்திருக்கானுகள்!

இன்னொண்டு. கடைசியில 'நமக்குத் தூரத்து இசை' எண்டு எழுதியிருந்தீங்க, அதத்தான் ஒத்துக்கொள்ள ஏலாது. போர்த்துக்கேய வழி வந்த மட்டக்களப்புப் பறங்கியர்ட கலியாண வீட்டுல வாசிக்கிற கபிரிஞ்ஞா எண்ட ஆட்ட இசை எங்கயிருந்து வந்த பேர் எண்டு நினைக்கிறீங்க? போர்த்துக்கேயர் காலத்தில இஞ்ச கொண்டுவந்த ஆப்பிரிக்க ஆக்களுக்குச் சொன்ன காபிரி எண்ட பேர்தான் அதுக்குள்ள கிடக்கு, நம்மட நாட்டு ஆட்டப் பாட்டு பைலாவும் அந்த வழியில வந்ததுதான். சின்ன வயசில மட்டக்களப்பு டச்பார் பக்கம் ஒரு கலியாணத்துக்கு அப்பாவோட போய், வயலினும் மேளமும் சேர்ந்து போற அந்தத் தாளத்துக்குக் கால் சும்மா நிக்காம, அப்பாட்ட ஏச்சு வாங்கினது இண்டைக்கும் ஞாபகம். 2004 சுனாமி அந்தப் பக்கத்த அடிச்சிட்டுப் போன போது எத்தின வயலின் போயிருக்கும் எண்டு ஆரும் எண்ணல்ல. புத்தளம் சிராம்பியடிக்குப் போனா ஆப்பிரிக்க வழி வந்த ஆக்கள் இண்டைக்கும் மஞ்ஞா எண்ட அவங்கட பாட்டுகளப் பாடுறாங்க. நம்மட ஊர் வாசிக்கிறவங்கள ஒருக்கா தேடிப் போய் எழுதுங்களன் ஐயா, நியூயோர்க் கச்சேரிக்கு அரைப் பக்கம் குடுத்த நீங்க இதுக்குக் கால் பக்கமாவது குடுக்கலாம்.

அதுக்கு நேரம் எடுக்கும் எண்டா, வாற ஞாயிறு திருத்தம் போடுற பெட்டியில மெல்பா லிஸ்டன்ட பேரயாவது போட்டுவிடுங்க.

இப்படிக்கு,
கல்லடியிலருந்து ஒரு வாசகர்