சுவரோவியச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நாம் வரைந்த புதிய ஓவியம் ஒன்றே ஒன்று. ஏன் இவ்வளவு குறைவு என்று பலர் கேட்டீர்கள், நியாயமான கேள்வி. இருக்கிற சுவர்களைக் காப்பாற்றாமல் புதுச் சுவர் பிடிப்பதில்லை என்று செயற்குழு முடிவெடுத்ததே காரணம்.

மழை ஓய்ந்ததும் சந்தை ஓவியத்தைப் போய்ப் பார்த்தோம். தரையிலிருந்து இடுப்புயரம் வரை வண்ணம் கொப்பளித்திருந்தது. ஒரு கொப்புளத்தில் நகம் பட்டதுமே வண்டிச் சக்கரம் பாதி செதிலாக உதிர்ந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருந்தது. நிலத்தின் ஈரம் செங்கல் வழியே மேலேறுகிறது. அக்ரிலிக் பெயின்ட் படலமாக மூடியிருப்பதால் அது வெளியேற வழியில்லை; அதில் கரைந்து வரும் உப்பு படலத்துக்கு அடியில் தங்கி வண்ணத்தைத் தள்ளிவிடுகிறது. அதன் மேலேயே மறுபடி தீட்டினால் அடுத்த மழையோடு அதுவும் போகும்.

ஆகவே செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்தோம். சுவரோரம் தண்ணீர் தேங்காமல் வாட்டம் கொடுத்து, சுண்ணாம்புப் பூச்சு பூசி, அது இறுகும்வரை பொறுத்திருந்து, சிலிக்கேட் வண்ணத்தில் தீட்டினோம். ஜெர்மனியில் அடால்ஃப் வில்ஹெல்ம் கைம் 1878-இல் உருவாக்கிய முறை இது. பொட்டாசியம் சிலிக்கேட் பூச்சோடு பூச்சாகப் பிணைந்துவிடும். படலம் கட்டாது, ஈரமும் ஆவியாக வெளியேறும். மேற்குச் சுவரில் ரோஜா நிறக் குடைகள் வெளிறிப்போக, பக்கத்தில் காவியில் தீட்டிய ஓட்டுக் கூரைகள் மட்டும் அப்படியே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காவியில் இருக்கும் இரும்பு ஆக்சைடு வெயிலுக்கு அசையாது. இனி வண்ணம் தேர்ந்தெடுக்கும்போது இதையும் மனதில் வைக்க வேண்டும்.

புதிய ஓவியம் பழைய ரயில் நிலையத்தைப் பற்றியது. வரைவைச் சுவருக்குக் கொண்டுபோகும் முன் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தோம். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, “தம்பி, கைகாட்டி இறங்கவே இல்லையே, வண்டி எப்படி உள்ளே வரும்?” என்றார். கைகாட்டி என்ற சிக்னல் கம்பத்தின் கை படுக்கையாக நீண்டிருந்தால் நில் என்று அர்த்தம். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ஓவியர் அங்கேயே அழித்து, கையைச் சாய்த்து வரைந்தார். பெரியவர் அதைப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் சாரம் கட்டினோம்.

ஒரு வருத்தத்தையும் பதிவு செய்கிறேன். கட்டடம் ஒன்று கைமாறியதும், புதிய உரிமையாளர் நமக்குச் சொல்லாமலே ஓவியத்தின் மேல் வெள்ளையடித்துவிட்டார். நம்மிடம் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இல்லை. ஓவியத்தை முழுமையாகப் படமெடுத்தும் வைத்திருக்கவில்லை. இப்போது எல்லா ஓவியங்களையும் படமெடுத்து முடித்துவிட்டோம்.

கனடாவின் ஷெமெய்னஸ் என்ற ஊரை உறுப்பினர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். 1982-இல் அங்கே ஓவியங்கள் தொடங்கின. மறு ஆண்டே மர ஆலை மூடப்பட்டது. ஊர் தன் கதையைச் சுவர்களில் தீட்டியே பிழைத்துக்கொண்டது. இன்று 40-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் இருக்கின்றன. அதைப் பார்த்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் உள்ள ஷெஃபீல்டு என்ற ஊர் 1986-இல் தொடங்கியது. ஷெமெய்னஸின் எண்ணிக்கை எனக்கும் ஆசையைத் தருகிறது. ஆனால் வெயிலிலும் மழையிலும் நிற்கும் ஓவியத்துக்கு வரைந்தவுடன் வேலை முடிவதில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஒவ்வொரு சுவருக்கும் எழுத்து ஒப்பந்தம், ஆண்டுதோறும் மழைக்குப் பின் ஓர் ஆய்வு என்ற இரு தீர்மானங்களையும், இவ்வறிக்கையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்